சங்கல்பமும் பிரயத்தனமும்

(சங்கத்தின் மும்பைக் கிளை நடத்திய கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில், மூத்த ஆடிட்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இளைஞர்களுக்கு லட்சியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லட்சியத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். பெரிதாகக் கனவு காணுங்கள், விடாமுயற்சி வேண்டும், வெற்றி நிச்சயம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். எல்லோரும் கை தட்டுவீர்கள், காபி சாப்பிடப் போய்விடுவோம். ஆனால் நான் ஒரு கணக்குப்பிள்ளை. நாற்பது வருஷமாக மற்றவர்களுடைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவன். எந்த விஷயத்தையும் எண்ணில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஆகவே லட்சியத்தையும் கணக்காகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த லட்சியம் ஒன்றுதான். சி.ஏ. பரீட்சை. என் ஆபீஸில் இதுவரை பல பிள்ளைகளும் பெண்களும் ஆர்ட்டிகிள்ஷிப் செய்திருக்கிறார்கள். சிலர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள். சிலர் நாலாவதில், ஐந்தாவதில் தேறினார்கள். சிலர் தேறவில்லை. யாருக்கு எது நடந்தது, ஏன் நடந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் லட்சியம் வேறாக இருக்கலாம். டாக்டர் படிப்பாகவோ, சிவில் சர்வீஸாகவோ, கச்சேரி மேடையாகவோ இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

ஆசை வேறு, சங்கல்பம் வேறு

நம் வீடுகளில் எந்த பூஜை செய்தாலும் முதலில் சங்கல்பம் செய்கிறோம். வாத்தியார் சொல்லச் சொல்ல நாமும் சொல்கிறோம். அதில் என்னவெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்த தேசத்தில் இருக்கிறோம், எந்த வருஷம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாசம், எந்தப் பக்ஷம், எந்தத் திதி, என்ன கிழமை, என்ன நக்ஷத்திரம் என்று வரிசையாக வருகிறது. யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று வருகிறது. கடைசியில், இன்ன காரியத்தைச் செய்யப் போகிறேன் என்று முடிகிறது.

இடம், காலம், ஆள், நோக்கம், காரியம் என்று ஐந்தும் அதில் இருக்கின்றன. இன்றைக்கு மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சங்கல்பத்தில் பலனும் சொல்லப்படுகிறது. ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம் எல்லாம் வரிசையாக வரும். ஆனால் வாக்கியம் முடிவது "கரிஷ்யே" என்ற சொல்லில். "செய்யப் போகிறேன்" என்று அர்த்தம். "அடையப் போகிறேன்" என்று நாம் சொல்வதில்லை. பலன் எதற்காக என்பதைச் சொல்கிறோம். வாக்குக் கொடுப்பது காரியத்துக்கு மட்டும்தான். நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

"நான் சி.ஏ. ஆக வேண்டும்" என்பது ஆசை. தப்பில்லை. எல்லாம் ஆசையில்தான் ஆரம்பிக்கிறது. "நான், டோம்பிவிலியில் என் வீட்டுக் கூடத்தில், வரும் திங்கட்கிழமை தொடங்கி, வார நாட்களில் காலை 5 மணி முதல் 7 மணி வரையும், ஞாயிறுகளில் 6 மணி நேரமும் ஃபைனல் பாடத்தைப் படிக்கப் போகிறேன்" என்பது சங்கல்பம். முதலாவதைச் சொன்னால் யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. இரண்டாவதைச் சொன்னால் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கே அம்மா கேட்கலாம். அதனால்தான் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

நேரத்துக்கு ஒரு பட்ஜெட்

சி.ஏ. ஃபைனலில் 6 தாள்கள், இரண்டு குரூப்புகள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் 2023 நவம்பர் பரீட்சையில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. 2024 மே மாதப் பரீட்சையில் நூற்றுக்குச் சுமார் இருபது பேர் தேறினார்கள். எழுதிய எல்லோரும் ஆசை உள்ளவர்கள்தான். ஆசையில்லாமல் யாரும் அந்த ஹாலில் போய் உட்காருவதில்லை.

என் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கைச் சொல்கிறேன். இது என் அனுபவக் கணக்கு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஒரு தாளை முதல் முறை புரிந்து படிக்க 120 மணி நேரம். இரண்டாம் முறை 60. மூன்றாம் முறை 30. ஆக ஒரு தாளுக்கு 210 மணி. ஆறு தாள்களுக்கு 1,260 மணி.

இப்போது கையிருப்பைப் பார்க்கலாம். காலையில் தினம் 2 மணி வீதம் வாரத்தில் 6 நாட்கள், 12 மணி. ஞாயிற்றுக்கிழமை 6 மணி. ஆக வாரத்துக்கு 18 மணி. 1,260-ஐ 18-ஆல் வகுத்தால் 70 வாரம். இப்போதைய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருஷம், அதாவது 104 வாரம். அதில் ஆடிட் சீசன், அண்ணா கல்யாணம், ஜுரம், வெளியூர் ஆடிட் என்று 24 வாரம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 80. தேவை 70. பத்து வாரம் உபரி! அதற்குப் பிறகு பரீட்சைக்கு முன்னால் கிடைக்கும் ஆறு மாதம் முழுக்க, திரும்பப் படிக்கவும் மாதிரித் தாள் எழுதிப் பார்க்கவும் கையில் இருக்கிறது.

"ஆர்ட்டிகிள்ஷிப் முடியட்டும் சார், கடைசி ஆறு மாதத்தில் ஒரு பிடி பிடித்துவிடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய கணக்கையும் போடலாம். 26 வாரத்தில் 1,260 மணி என்றால் வாரத்துக்கு 48 மணிக்கு மேல். ஒரு நாள்கூட விடாமல் தினம் ஏழு மணி நேரம். மாதிரித் தாள் எழுத ஒரு நாளும் மிஞ்சாது. சாத்தியமே இல்லை என்று சொல்லமாட்டேன். செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் பட்ஜெட் கவிழ்ந்துவிடும்.

லட்சியத்தை எழுதும்போது அதன் பக்கத்திலேயே மணிக்கணக்கையும் எழுதுங்கள். கணக்கு இடித்தால் லட்சியத்தின் தேதியை மாற்றுங்கள், அல்லது தினசரி நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் செய்யாமல் நம்பிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, வரவு இல்லாமல் செலவு எழுதுவது போல.

இரண்டு பிள்ளைகள்

என் ஆபீஸில் ஒரே சமயத்தில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பெயர் வேண்டாம். ஒருவன் மகா கெட்டிக்காரன். ஒரு தடவை சொன்னால் போதும். மற்றவன் சுமார்தான். இன்கம்டாக்ஸில் ஒரு செக்ஷனை மூன்று தடவை விளக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சுமார் பையனின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். தினம் எத்தனை மணி படித்தான் என்பது மட்டும் அதில் இருக்கும். இரண்டு, ஒன்றரை, பூஜ்யம், இரண்டேகால் என்று தேதிவாரியாக எழுதியிருப்பான். வாரக் கடைசியில் கூட்டுவான். பூஜ்யத்தை மறைக்க மாட்டான். எனக்கு அந்த நோட்டில் மிகவும் பிடித்தது அந்தப் பூஜ்யங்கள்தான். ஒழுங்கான கணக்குப் புத்தகத்தின் லட்சணம் அது. நஷ்டத்தையும் எழுதி வைத்தால்தான் அது கணக்கு.

கெட்டிக்காரப் பையன் எவ்வளவு படிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. நிறையப் படிக்கிறோம் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. மூன்று முறை எழுதியும் வரவில்லை. மற்றவனுக்கும் முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை ஒரு குரூப், நாலாம் முறை இன்னொரு குரூப். ரிசல்ட் வந்த அன்று அவன் நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். ஐந்து நோட்டுகள். 2,300 மணிக்கு மேல் இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது அவ்வளவு. யாருக்கு எவ்வளவு தேவை என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எழுதிக்கொண்டே வந்தால் எங்கே நிற்கிறோம் என்பதாவது தெரியும்.

பிற்பாடு அந்தக் கெட்டிக்காரனும் தேறினான். எப்படி என்று கேட்காதீர்கள். அவனும் ஒரு நோட்டு வாங்கினான்!

கதவு சாத்தியிருந்தால்

இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் ஆர். சிவபோகம் அம்மையார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். 1907-ல் பிறந்தவர், சென்னையில் வாழ்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்டு ஓராண்டு சிறையில் இருந்தார். கணக்காளர் ஆவது என்ற தீர்மானத்தை அவர் செய்துகொண்டது சிறையில்தான். பெண்கள் யாருமே அந்தத் தொழிலில் இல்லாத காலம் அது. வெளியே வந்து பயிற்சியில் சேர்ந்து, ஜி.டி.ஏ. என்று அப்போது சொல்லப்பட்ட அரசாங்கக் கணக்கியல் டிப்ளமாவில் 1933-ல் தேறினார்.

தேறியும் பயனில்லை. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்ற விதி குறுக்கே நின்றது. அதை எதிர்த்து மனுச் செய்து வென்றார். 1937-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். நம் இன்ஸ்டிட்யூட் 1949-ல் பிறந்த பிறகு, அதன் தென்மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைவராகவும் இருந்தார்.

பரீட்சையில் தேறியதற்கும் தொழில் தொடங்கியதற்கும் நடுவில் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் முடிவு அவர் கையில் இல்லை. விதியை எழுதியவர்கள் வேறு, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. மனுப் போடுவது அவர் கையில் இருந்தது. அதைச் செய்தார். கையில் இருப்பதைச் செய்வது என்றால் சும்மா காத்திருப்பது என்று அர்த்தமில்லை என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47-வது சுலோகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது அதன் கருத்து. இதை நம்மில் பலர், "எதற்கும் அலட்டிக்கொள்ளாதே, வருவது வரட்டும்" என்று அர்த்தம் செய்துகொண்டிருக்கிறோம். அதே சுலோகத்தின் கடைசிப் பகுதி, செய்யாமல் இருப்பதில் பற்று வைக்காதே என்று எச்சரிக்கிறது. அந்தப் பகுதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

விளையாட்டு உலகிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலக சாம்பியன் பட்டம் உடனே வந்துவிடவில்லை. 1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் தோற்றார். 1998 தொடக்கத்தில் லொசானில் கார்ப்போவிடம் தோற்றார். பட்டம் கைக்கு வந்தது 2000-ம் வருஷம் டிசம்பரில், டெஹ்ரானில். கிராண்ட்மாஸ்டர் ஆகிப் பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் பிசகியது என்று காய் காயாகத் தேடுகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தோற்ற பரீட்சையின் கேள்வித்தாளைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்? பீரோவுக்கு அடியில் போட்டுவிட்டு, அடுத்த தடவை "இன்னும் நன்றாகப் படிக்கிறேன்" என்கிறார்கள். எங்கே பிசகியது என்று தெரியாமல் எதை நன்றாகப் படிப்பது?

விக்னங்களை முதலில் எண்ணுங்கள்

பெரிய பூஜைக்கு முன்னால் பிள்ளையார் பூஜை செய்கிறோம். தடைகள் வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். நம் லட்சியத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். என்னென்ன குறுக்கே வரும், வந்தால் என்ன செய்வேன் என்று எழுதுங்கள்.

மும்பைப் பிள்ளைகளின் பட்டியலை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். முதலில் கைபேசி. அதைப் படிக்கும் நேரத்தில் வேறு அறையில் வையுங்கள். அடுத்தது லோக்கல் ரயில். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. நின்றுகொண்டு புதிதாக எதையும் படிக்க முடியாது. ஆனால் நேற்றுப் படித்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடியும். மூன்றாவது, வீட்டில் இடமில்லை. கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டில் ஐந்து பேர். ஒரு பையன் காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். தாத்தாவும் ஐந்து மணிக்கு எழுந்து சுப்ரபாதத்தைச் சத்தமாகப் போட்டார். இருவருமே நல்ல காரியம்தான் செய்தார்கள்! கடைசியில் பையன் தன் முதல் மாத ஸ்டைபண்டில் தாத்தாவுக்கு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தான். தாத்தாவுக்கும் சந்தோஷம், பெருமாளுக்கும் விரோதமில்லை.

வேடிக்கையாகச் சொன்னாலும், இதுதான் பிரயத்தனம். ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, ஃபோனை நகர்த்தி வைப்பது, நோட்டில் பூஜ்யம் எழுதக் கூச்சப்படாதது. இப்படி மிகச் சின்னக் காரியங்களைத்தான் வருஷக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கிறது. பெரிய காரியம் என்று தனியாக ஒன்று எப்போதாவது வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருந்துகொண்டே இருப்பார்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இப்போது பெற்றோர்களிடமும், மாமா மாமிகளிடமும் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். பந்தியில் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். "என்னடா, இன்னும் முடிக்கலையா? எங்காத்துப் பக்கத்துல ஒருத்தன் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்லயே முடிச்சுட்டான்" என்கிறோம். கேட்பவருக்கு அது அக்கறை. அந்தப் பையனுக்கு அன்று பாயசம் இறங்காது. அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டான். அதற்கடுத்து, நம் சங்க விழாவுக்கும் வரமாட்டான். பரீட்சையில் தவறியவர்கள் நம் விசேஷங்களிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். மனசு உடைந்து, படிப்பையும் விட்டு, பேச்சையும் குறைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் போவது சில மாதம்தான். இதில் போவது அதைவிடப் பெரிது.

முடிவைக் கேட்காதீர்கள். முடிவு அவன் கையில் இல்லை. "இன்றைக்கு உட்கார்ந்தாயா?" என்று கேளுங்கள். அது அவன் கையில் இருக்கிறது. "உட்கார்ந்தேன்" என்றால் சந்தோஷப்படுங்கள். "இல்லை" என்றால், "சரி, நாளைக்கு உட்கார். காபி போட்டுத் தரட்டுமா?" என்று கேளுங்கள். இதைவிடப் பெரிய உதவி பணத்தால்கூடச் செய்ய முடியாது.

இன்னொன்று. லட்சியம் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கல்பத்தைக் கர்த்தாதான் சொல்ல வேண்டும். அப்பா செய்துகொண்ட சங்கல்பத்துக்குப் பையன் ஐந்து மணிக்கு எழுந்திருக்க மாட்டான். எழுந்தாலும் புத்தகத்துக்கு மேல் தூங்குவான். யோசனை சொல்லுங்கள், வழி காட்டுங்கள், கட்டணம் கட்டுங்கள். "செய்யப் போகிறேன்" என்ற வார்த்தையை மட்டும் அவன் வாயிலிருந்து வரவிடுங்கள்.

மாற்றிக்கொள்வதும் உண்டு

விடாமுயற்சியைப் பற்றிப் பேசுபவர்கள், எப்போது நிறுத்தலாம் என்பதைச் சொல்வதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண் தன் நோட்டின் முதல் பக்கத்திலேயே, "ஐந்து முறை எழுதுவேன்" என்று எழுதியிருந்தாள். ஐந்து முறை எழுதினாள். நோட்டு நோட்டாக மணிக்கணக்கு நிரம்பியிருந்தது. ஒரு குரூப் வந்தது, மற்றது வரவில்லை. ஐந்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் என்னிடம் வந்து, "சார், சொன்னபடி செய்துவிட்டேன். இனி வேறு வேலை பார்க்கிறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் நடுங்கவில்லை. இன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் பொறுப்பான பதவியில் இருக்கிறாள். படித்த ஜி.எஸ்.டி.யும் கம்பெனிச் சட்டமும் அவளுக்குத் தினமும் சோறு போடுகின்றன. அவள் தோற்றதாக நான் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

வரம்பை முன்னாலேயே எழுதி வைத்ததுதான் அவளைக் காப்பாற்றியது. ரிசல்ட் வந்த அன்று எடுக்கும் முடிவு துக்கத்தில் எடுப்பது. அமைதியாக இருக்கும் நாளில் எழுதி வைத்த வரம்பு புத்தியில் எழுதியது. இவ்வளவு முயற்சி, இவ்வளவு காலம் என்று முதலிலேயே எழுதுங்கள். அதுவரை ஒரு நாளும் "விட்டுவிடலாமா" என்ற யோசனையே வேண்டாம். அதற்குப் பிறகு குற்ற உணர்வும் வேண்டாம்.

அறுபது வயதிலும் சங்கல்பம்

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ரிடையர் ஆனவர்களுக்கு லட்சியம் வேண்டாமா? "இனிமேல் நமக்கென்ன" என்ற வார்த்தையை நம் வயதுக்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்!

நம் அங்கத்தினர்கள் மும்பை, டெல்லி, கல்கத்தா, நாக்பூர், ஜாம்ஷெட்பூர், அகமதாபாத் என்று பல ஊர்களில் இருக்கிறோம். நம் பேரக் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிக்கத் தெரியாது. பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பை, தாத்தாவின் கடிதத்தை அவர்களால் வாசிக்க முடியாது. நம்மோடு அது நின்றுபோய்விடும். இதைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். வருத்தம் ஆசைக்குத் தம்பி. அதுவும் சங்கல்பம் ஆகாது.

என் மனைவி இதைச் சங்கல்பம் ஆக்கினாள். எங்கள் பேரன் புனேயில் இருக்கிறான், ஒன்பது வயது. தினம் ராத்திரி 8 மணிக்கு வீடியோ காலில் கால் மணி நேரம், ஆறு மாதம் என்று பேசிக்கொண்டார்கள். 180 நாள், நாளைக்குக் கால் மணி, ஆக மொத்தம் 45 மணி நேரம்தான். தமிழில் எழுத்து 247 என்று சொன்னால் குழந்தை மிரண்டுவிடும். உயிர் 12, மெய் 18. இவற்றோடு கால், கொம்பு, கொக்கி எல்லாம் எப்படிச் சேர்கின்றன என்று பிடிபட்டுவிட்டால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். உகர, ஊகார வரிசையில்தான் கொஞ்சம் தகராறு. இரண்டு வாரம் அழுகை, அப்புறம் விளையாட்டு. நடுவில் ஸ்கூல் பரீட்சை, டூர் என்று முப்பது நாள் விட்டுப்போயிற்று. அதனால் ஏழு மாதம் ஆனது. போகட்டுமே!

சென்ற பொங்கலுக்கு அவன் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுதி அனுப்பினான். அதில் ஒன்பது பிழை. என் மனைவி அதைத் திருத்தாமல் பூஜை அறையில் வைத்திருக்கிறாள்.

இதற்கு டியூஷன் சென்டர் தேவைப்படவில்லை. கால் மணி நேரத்தை யார் கேட்டாலும் கொடுக்காமல் காப்பாற்றியதுதான் நடந்தது. அந்த நேரத்தில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. நானே தட்டை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். மற்றவர் சங்கல்பத்தில் நம் பங்கு சில சமயம் அவ்வளவுதான்.

இன்று செய்ய வேண்டியது

என் பேச்சு இத்துடன் முடிகிறது. கை தட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. வாசலில் உங்களுக்குக் கொடுத்த உறையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. செயலாளரிடம் சொல்லி நான்தான் வைக்கச் சொன்னேன். அதில் நாலு வரி எழுதுங்கள்.

முதல் வரியில், எதற்காக என்று எழுதுங்கள். இரண்டாவதில், தினம் எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாவதில், குறுக்கே வரப்போகும் தடைகளில் பெரிய ஒன்றையும், அது வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாலாவதில், எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் வீட்டில் ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகையைக் காசோலையாகக் கொடுக்கிறோம், நல்லது. அதோடு ஒவ்வொரு மாணவருக்கும் நம் மூத்த அங்கத்தினர் ஒருவரை நியமியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஃபோன் செய்து, "இந்த வாரம் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் போதும். ரிசல்டைக் கேட்க வேண்டாம். ரிடையர் ஆன பேங்க் ஆபீசர்களும் வாத்தியார்களும் என்ஜினீயர்களும் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் அவர்களால் முடியும். மற்ற ஊர்க் கிளைகளும் இதைச் செய்து பார்க்கலாம். இந்த வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளே, வெற்றி பகவான் அருளால் வரட்டும். நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து விளக்கைப் போடுவது மட்டும் உங்கள் பொறுப்பு.